எவோசூட் கொண்டு அலகுச் சோதனைகளை உருவாக்கும்போது வரும் ‘வகுப்பு கிடைக்கவில்லை’ பிழை: ஜார்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பில்லிங்_பராமரிப்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகப் பலர் கைபட்டு வளர்ந்த ஒரு ஜாவா நிரல்தொகுப்பைப் பராமரிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்துள்ளது. அதில் அலகுச் சோதனை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கைவைப்பதற்கு முன்பு, இப்போது அது எப்படி நடந்துகொள்கிறதோ அதையாவது பதிவு செய்து வைக்கும் சோதனைகள் இருக்கட்டும் என்று எண்ணி, அலகுச் சோதனைகளைத் தானாக உருவாக்கித் தரும் எவோசூட் கருவியின் 1.0.6 பதிப்பை இறக்கி முயன்றுவருகிறேன். ஜேடிகே 8 (ஜாவா உருவாக்கத் தொகுப்பு), மேவன் (நிரலைத் தொகுத்து, அதற்குத் தேவையான நிரலகங்களைக் கொண்டுவரும் கருவி), விண்டோஸ் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறேன். தொகுப்பில் பொது, பில்லிங், வெப் என்று மூன்று உட்திட்டங்கள் உள்ளன. நான் சோதனை உருவாக்க முயல்வது பில்லிங்குக்கு. அது பொது என்ற உட்திட்டத்தைச் சார்ந்திருக்கிறது.

நான் கொடுத்த கட்டளை (தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், பொறுத்தருள்க): ‘ஜாவா -சிபி லிப்\* -ஜார் எவோசூட்-1.0.6.ஜார் -கிளாஸ் <வகுப்பின் முழுப்பெயர்> -ப்ராஜெக்ட்சிபி டார்கெட்\கிளாஸஸ்’. தேவையான ஜார்கள் (தொகுக்கப்பட்ட ஜாவா வகுப்புகளின் கட்டுகள்) எல்லாம் லிப் கோப்புறையில்தான் இருக்கின்றன என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் முதல் ஓட்டத்திலேயே காமன்ஸ் லாங் 3-இன் ஸ்ட்ரிங்யூட்டில்ஸ் வகுப்புக்கு ‘நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்’ வந்தது. அந்த ஜாரை ப்ராஜெக்ட்சிபி-யில் (திட்டத்தின் வகுப்புகள் இருக்கும் இடங்களை எவோசூட்டுக்குச் சொல்லும் தேர்வு) அரைப்புள்ளி போட்டுச் சேர்த்தேன். அடுத்து ஜாக்சன் இல்லை என்றது. அதைச் சேர்த்தேன், அடுத்து ஹெச்டிடிபிசர்வ்லெட்ரிக்வெஸ்ட் இல்லை என்றது. இப்படியே பதினொரு ஜார்கள் சேர்த்தாயிற்று, இன்னும் முடிந்தபாடில்லை. இத்தனைக்கும் பிறகு ஒரு வகுப்பு மட்டும் ‘குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்’ என்ற பின்னொட்டோடு அதே பிழையைத் தருகிறது. அந்த வகுப்பு என் டார்கெட் கோப்புறையில் கண்ணெதிரே இருக்கிறது.

எப்படியோ தப்பிப் பிழைத்து நான்கு வகுப்புகளுக்குச் சோதனைக் கோப்புகள் உருவாயின. அவற்றைத் தொகுக்கப் போனால் எவோசூட்டின் ‘ரன்டைம்’ என்ற பேக்கேஜே இல்லை என்று தொகுப்பான் மறுக்கிறது. இதே செயலி சர்வரில் எந்தக் குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கிறது, ஐடிஇ-யிலும் ஓடுகிறது. அங்கெல்லாம் கிடைக்கும் ஜார்கள் சோதனை உருவாக்கும்போது மட்டும் எங்கே மறைகின்றன என்பதையும், இவற்றை ஒரே முறையில் சேர்க்க வழி உண்டா என்பதையும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பைட்கோடு_வாசகன்

வணக்கம் நண்பரே. உங்கள் பதிவில் ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. ஜார் கிடைக்காதது ஒன்று. ஜார் இருந்தும் வகுப்பு தொடங்க முடியாதது இன்னொன்று. உருவான சோதனையைத் தொகுக்க முடியாதது மூன்றாவது. முதலாவதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் நேரத்தின் பெரும்பகுதியைத் தின்றது அதுதான்.

உங்கள் கட்டளையிலுள்ள ‘-சிபி லிப்\*’ என்ற பகுதி எந்த வேலையும் செய்யவில்லை. ஜாவாவை ‘-ஜார்’ என்ற தேர்வோடு இயக்கினால், அந்த ஒரு ஜாரும் அதன் மேனிஃபெஸ்ட் (ஜாருக்குள் இருக்கும் விவரக் கோப்பு) சுட்டுகிற ஜார்களும் மட்டுமே கிளாஸ்பாத், அதாவது வகுப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியல், ஆகும். நீங்கள் ‘-சிபி’ மூலம் கொடுத்ததும், சூழல் மாறியில் வைத்திருப்பதும் ஓசையின்றிப் புறக்கணிக்கப்படும். எச்சரிக்கைகூட வராது என்பதால்தான் பலரும் இதில் விழுகிறார்கள். அது மட்டுமன்றி, எவோசூட், பொருத்தமான சோதனைகளைத் தேடும் வேலையைத் தான் ஓடும் ஜேவிஎம்-மிலேயே (ஜாவா நிரலை இயக்கும் மெய்நிகர் இயந்திரம்) செய்வதில்லை. தலைமைச் செயல்முறை ஒன்று இருக்கும், அது வேறொரு ஜேவிஎம்-மைத் துணைச் செயல்முறையாகக் கிளப்பி, உங்கள் வகுப்புகளை அதில் ஏற்றும். ஆகவே உங்கள் ஜார்கள் போய்ச் சேர வேண்டிய இடம் ப்ராஜெக்ட்சிபி ஒன்றே. அங்கும் ‘லிப்\*’ என்று நட்சத்திரம் போட்டுத் தப்பிக்க நினைக்க வேண்டாம். நட்சத்திரத்தை விரித்துப் பொருள்கொள்வது ஜாவாவின் துவக்கி தன் சொந்த ‘-சிபி’ தேர்வுக்குச் செய்யும் வேலை. ஒரு கருவி தனக்கென வைத்திருக்கும் தேர்வில் அது வெறும் எழுத்துதான்.

‘சர்வரில் ஓடுகிறதே’ என்ற உங்கள் கேள்வி நியாயமானது, அதற்கான விடை ஜேவிஎம்-மின் சோம்பலில் இருக்கிறது. ஜேவிஎம் ஒரு வகுப்பைத் தேவைப்படும் கணத்தில்தான் ஏற்றும். உங்கள் பில்லிங் வகுப்பில் பிடிஎஃப் உருவாக்கும் மெத்தட் ஒன்று இருந்து, அதை யாரும் அழைக்காமல் இருந்தால், பிடிஎஃப் நிரலகம் இல்லாமலேயே அந்தச் செயலி ஆண்டுக்கணக்கில் ஓடும். சோதனை உருவாக்கும் கருவிக்கு அந்தச் சலுகை இல்லை. அது வகுப்பைத் திறந்தவுடன், இதில் என்னென்ன மெத்தட்கள் உள்ளன, அவை என்னென்ன வகைகளை வாங்குகின்றன, எதைத் திருப்புகின்றன என்று ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போதே வகுப்பின் அமைப்பை ஆராயும் ஜாவா வசதி) வழியாகக் கேட்கும். அந்தப் பட்டியலைத் தருவதற்கு ஜேவிஎம் ஒவ்வொரு மெத்தட்டின் கையொப்பத்திலும் உள்ள எல்லா வகைகளையும் கண்டுபிடித்தாக வேண்டும். அவற்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும் அந்த ஒரு மெத்தட்டை விட்டுவிட்டு மற்றவற்றைத் தராது, முழு வினாவையும் பிழையாகத் திருப்பிவிடும். பில்லிங்கில் யாரோ ஒருவர் எப்போதோ ஹெச்டிடிபிசர்வ்லெட்ரிக்வெஸ்ட்டை (வலை வேண்டுகோளைக் குறிக்கும் வகை) அளபுருவாக வாங்கும் ஒரு மெத்தட்டை எழுதி வைத்திருப்பார் என்பது என் ஊகம். அந்த வகை சர்வரில் டாம்கேட்டிடமிருந்து (ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் சர்வர் மென்பொருள்) கிடைக்கிறது. உங்கள் கட்டளை வரியில் டாம்கேட் இல்லை.

சேர்த்துப் பார்த்துப் பிழையைப் படித்து மீண்டும் சேர்ப்பது தொண்ணூறு ஜார் உள்ள திட்டத்தில் ஒருபோதும் முடியாத வேலை. தேவையான முழுப் பட்டியலை மேவன் ஏற்கெனவே கணித்து வைத்திருக்கிறது, ஏனெனில் அது இல்லாமல் உங்கள் திட்டத்தை அதனால் தொகுத்திருக்கவே முடியாது. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குவதற்கென்றே ‘டிபென்டென்சி’ செருகுநிரலில் ‘பில்ட்-கிளாஸ்பாத்’ என்ற இலக்கு இருக்கிறது. அதனோடு ‘எம்டெப்.அவுட்புட்ஃபைல்’ என்ற பண்புக்கு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், இயங்குதளத்துக்கு ஏற்ற பிரிப்புக்குறியோடு எல்லா ஜார்களின் முழுப்பாதைகளும் ஒரே வரியில் அந்தக் கோப்பில் எழுதப்படும். அந்த வரியின் முன்னால் உங்கள் ‘டார்கெட்\கிளாஸஸ்’ பாதையை நீங்களே சேர்க்க வேண்டும். திட்டத்தின் சொந்த வகுப்புகளை இந்த இலக்கு எழுதாது. பிறகு அந்த முழு வரியையும் ப்ராஜெக்ட்சிபி-க்குக் கொடுங்கள். அதுவரை நீங்கள் கைப்படச் சேர்த்த பதினொன்றையும் மறந்துவிடலாம்.

பில்லிங்_பராமரிப்பு

மிக்க நன்றி ஐயா. மெத்தட் பட்டியல் கேட்கும்போதே எல்லா வகைகளும் தேவைப்படும் என்பது எனக்குப் புதிய செய்தி. நீங்கள் ஊகித்தது போலவே அந்த வகுப்பின் அடியில், வேண்டுகோளிலிருந்து வாடிக்கையாளர் எண்ணை எடுக்கும் ஒரு மெத்தட் கிடந்தது. தேடிப் பார்த்ததில் அதை இப்போது யாரும் அழைப்பதில்லை.

பில்ட்-கிளாஸ்பாத்தை முயன்றேன். பில்லிங் கோப்புறைக்குள் நின்று இயக்கினால், பொது உட்திட்டத்தின் ஜார் கிடைக்கவில்லை என்று மேவனே நின்றுவிடுகிறது. எங்கள் அலுவலகத்தில் பழைய ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது, அது ‘காப்பி-டிபென்டென்சீஸ்’ இலக்கைப் பயன்படுத்துகிறது. அதை மேல்நிலைக் கோப்புறையிலிருந்து ‘கம்பைல்’ கட்டத்தோடு சேர்த்து இயக்கினேன். பொது இன்னும் பேக்கேஜ் செய்யப்படவில்லை என்ற பொருளில் ஒரு பிழை வந்தது. ‘பேக்கேஜ்’ கட்டத்தோடு இயக்கியபோது ஒருவழியாக ஜார்கள் நகலாயின. ஆனால் அந்தக் குவியலில் சர்வ்லெட் ஜார் மட்டும் இல்லை. இன்னொன்று: விண்டோஸில் ஓடும் அதே வரியை லினக்ஸ் சர்வரில் ஒட்டினால், முதல் ஜாருக்குப் பிறகு எல்லாமே குழம்பி, அனுமதி இல்லை என்ற செய்தி வருகிறது.

கட்டுமானக்_களம்

இந்த இழையைப் படித்தபோது சென்ற ஆண்டு நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது, ஆகவே மேவன் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

லினக்ஸ் சிக்கலை முதலில் முடித்துவிடுவோம். கிளாஸ்பாத்தில் பாதைகளைப் பிரிப்பதற்கு விண்டோஸில் அரைப்புள்ளி, லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளி. லினக்ஸ் ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் ஒரு கட்டளை முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். எனவே உங்கள் இரண்டாவது ஜாரை ஒரு கட்டளையாக எண்ணி இயக்கப் பார்த்து, இயக்க அனுமதி இல்லை என்கிறது. பட்டியலை அந்தந்த இயந்திரத்திலேயே மேவனைக் கொண்டு உருவாக்கினால் இது எழாது.

சர்வ்லெட் ஜார் வராததற்குக் காரணம் உங்கள் அலுவலக ஸ்கிரிப்ட்டில் ‘இன்க்ளூட்ஸ்கோப்’ என்ற பண்புக்கு ‘ரன்டைம்’ என்று கொடுத்திருப்பார்கள். திறந்து பாருங்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மேவனில் சர்வ்லெட் ஏபிஐ ‘புரொவைடட்’ என்ற வரம்பில் அறிவிக்கப்படுவது வழக்கம்: தொகுக்கும்போது வேண்டும், ஓடும்போது சர்வர் தரும் என்பது அதன் பொருள். ‘ரன்டைம்’ என்று கேட்டால் கம்பைல், ரன்டைம் ஆகிய இரு வரம்புகளில் உள்ளவை மட்டும் வரும், புரொவைடட் விடுபடும். மாறாக ‘கம்பைல்’ என்று கேட்டால் புரொவைடட் வரும், ஆனால் ரன்டைம் வரம்பில் உள்ளவை (தரவுத்தள டிரைவர் போன்றவை) விடுபடும். சோதனை உருவாக்கும் கருவிக்கு இரண்டும் வேண்டும்; அது வகுப்பின் கையொப்பத்தையும் படிக்கிறது, வகுப்பை இயக்கியும் பார்க்கிறது. ‘டெஸ்ட்’ என்று கொடுங்கள், அல்லது அந்தப் பண்பையே நீக்கிவிடுங்கள், எல்லாமே வரும்.

இப்போது உங்கள் உட்திட்டங்களுக்கு வருகிறேன். பில்லிங் கோப்புறைக்குள் நின்று மேவனை அழைத்தால், பக்கத்துக் கோப்புறையில் பொது இருப்பது அதற்குத் தெரியாது. உங்கள் இயந்திரத்திலுள்ள களஞ்சியத்தில், அதாவது வீட்டுக் கோப்புறையின் ‘.எம்2’-வில், பொது என்ற ஜார் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். மேல்நிலைக் கோப்புறையிலிருந்து ஒருமுறை ‘இன்ஸ்டால்’ செய்தால் அது அங்கே போய்ச் சேரும், பிறகு பில்ட்-கிளாஸ்பாத் வேலை செய்யும். ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு, நான் இரண்டு நாள் தொலைத்தது இங்கேதான். அடுத்த வாரம் பொதுவில் ஒரு மெத்தட்டை மாற்றிவிட்டு, மீண்டும் இன்ஸ்டால் செய்ய மறந்து, பில்லிங்குக்குச் சோதனை உருவாக்கினால், பில்லிங்கின் புதிய வகுப்புகளோடு பொதுவின் பழைய ஜார் சேரும். அப்போது வருவது ‘நோசச்மெத்தட்எரர்’. வகுப்பு இருக்கும், மெத்தட் இருக்காது. இதைவிடக் கொடியது, பிழையே வராமல் பழைய நடத்தைக்குச் சோதனைகள் உருவாகிவிடுவது. உங்களைப் போல இப்போதைய நடத்தையைப் பதிவு செய்வதற்கென்றே சோதனை எழுதுபவருக்கு அதனால் நேரும் குழப்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நான் பட்டியலில் வரும் பொது ஜாரின் பாதையை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பொது உட்திட்டத்தின் ‘டார்கெட்\கிளாஸஸ்’ கோப்புறையை நேரடியாக வைக்கிறேன். ஒரு வரி ஸ்கிரிப்ட்டில் முடிகிற வேலை, நிம்மதி பெரிது.

நோசச்மெத்தட்எரர் உங்கள் சொந்த வகுப்புக்கு வராமல் வெளி நிரலகத்துக்கு வந்தால், ஒரே நிரலகத்தின் இரு பதிப்புகள் மோதுகின்றன என்று கொள்ளலாம். கைப்படச் சேர்க்கும் பழக்கத்தில் இது எளிதாக நேரும், ஏனெனில் கிளாஸ்பாத்தில் முதலில் வருவதே வெல்லும். மேவன் தானாகத் தேர்ந்தெடுக்கும்போது, சார்பு மரத்தில் உங்கள் திட்டத்துக்கு மிக அருகில் உள்ள பதிப்பை எடுக்கும். மேவன் போன்ற இன்னொரு கருவியான கிரேடில் இயல்பாக உயர்ந்த பதிப்பை எடுக்கும். எது எடுக்கப்பட்டது என்பதை ‘டிபென்டென்சி:ட்ரீ’ காட்டும்.

கிரேடில் பயன்படுத்தும் எவரேனும் இதைப் படித்தால்: இதற்கென ஆயத்த இலக்கு அங்கில்லை, ரன்டைம்கிளாஸ்பாத், கம்பைல்கிளாஸ்பாத் ஆகிய இரண்டின் பாதைகளையும் அச்சிடும் சிறு டாஸ்க் ஒன்றை நீங்களே எழுத வேண்டும். ‘கம்பைல்ஒன்லி’ என்று அறிவித்தவை ரன்டைம் பட்டியலில் இருக்காது என்பதால்தான் இரண்டும் தேவைப்படுகின்றன.

ஸ்பிரிங் பூட் திட்டங்களில் இன்னொரு குறுக்குவழியைச் சிலர் முயல்வார்கள்: எல்லா நிரலகங்களும் உள்ளே அடங்கிய பெரிய ஜார் ஒன்று இருக்கிறதே, அதையே கொடுத்துவிடலாமே என்று. அது உதவாது. அந்த ஜாருக்குள் உங்கள் வகுப்புகள் ‘பூட்-இன்ஃப்’ என்ற கோப்புறைக்குள்ளும், நிரலகங்கள் ஜாருக்குள் ஜாராகவும் இருக்கும். ஸ்பிரிங் பூட்டின் தனிப்பட்ட ஏற்றிக்கு மட்டுமே அதைத் திறக்கத் தெரியும்.

கடைசியாக ஒரு கருவி. ஜேடிகே 8 முதல் ‘ஜேடெப்ஸ்’ என்ற கட்டளை உடன் வருகிறது. உங்கள் கிளாஸ்பாத்தையும் ‘டார்கெட்\கிளாஸஸ்’ கோப்புறையையும் கொடுத்தால், எந்த வகுப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்று அச்சிட்டு, கிடைக்காதவற்றின் பக்கத்தில் ‘நாட் ஃபவுண்ட்’ என்று குறிக்கும். எவோசூட்டை ஒவ்வொரு முறையும் ஓடவிட்டுக் காத்திருப்பதற்கு முன், சில நொடிகளில் முடியும் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம். ‘கிளாஸ்.ஃபார்நேம்’ என்று பெயரை எழுத்துச்சரமாகக் கொடுத்து ஏற்றும் வகுப்புகள் மட்டும் இதன் கண்ணுக்குத் தப்பும்.

பில்லிங்_பராமரிப்பு

ஸ்கிரிப்ட்டில் நீங்கள் சொன்ன அதே ‘ரன்டைம்’தான் இருந்தது. நீக்கியவுடன் சர்வ்லெட் ஜார் வந்துவிட்டது. ஜேடெப்ஸ் இன்னும் இரண்டு ‘நாட் ஃபவுண்ட்’ காட்டியது. இரண்டும் ஒரு நிரலகத்துக்கு ‘ஆப்ஷனல்’ சார்புகளாம், பாம் கோப்பில் (மேவனின் திட்ட விவரக் கோப்பு) நேரடியாக அறிவித்துத் தீர்த்தேன். முதல் வகைப் பிழை இப்போது அறவே இல்லை. ஆனால் பட்டியல் மிக நீளமாகிவிட்டதால், விண்டோஸ் கட்டளைச் சாளரம் வரி மிக நீளம் என்று மறுக்கிறது. ‘குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்’ பிழையும் அப்படியே நிற்கிறது. அந்த வகுப்பின் பெயர் பில்லிங்அமைப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஸ்டாட்டிக் பிளாக்கில் (வகுப்பு முதன்முதலில் தொடங்கும்போது ஓடும் பகுதி) வட்டிலுள்ள ஒரு ப்ராப்பர்ட்டீஸ் கோப்பைப் படிக்கிறது.

பைட்கோடு_வாசகன்

விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ஒரு வரிக்கு 8191 எழுத்துகள்தான் எல்லை. ‘.எம்2’ களஞ்சியத்தின் பாதைகள் நீளமானவை என்பதால் எண்பது, தொண்ணூறு ஜார்களிலேயே அதைத் தாண்டிவிடும். எவோசூட்டை ‘-செட்அப்’ என்ற தேர்வோடு ஒருமுறை இயக்கி, கோப்புறையையும் ஜார்களையும் கொடுத்தால், ‘எவோசூட்-ஃபைல்ஸ்’ என்ற கோப்புறையில் ஒரு ப்ராப்பர்ட்டீஸ் கோப்பை உருவாக்கி, கிளாஸ்பாத்தை அதில் ‘சிபி’ என்ற பண்பாக எழுதி வைக்கும். பிறகு ப்ராஜெக்ட்சிபி கொடுக்க வேண்டியதே இல்லை. டார்கெட் கோப்புறையை மட்டும் கொடுத்து இயக்கிவிட்டு, மேவன் எழுதிய வரியை அந்தக் கோப்பில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டும்போது பின்சாய்கோடுகளை முன்சாய்கோடுகளாக மாற்றிவிடுங்கள். ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் பின்சாய்கோட்டுக்கு வேறு பொருள் உண்டு, பாதைகள் சிதைந்து, ‘ஜார் இல்லை’ என்ற பழைய கதை மீண்டும் தொடங்கும்.

பில்லிங்அமைப்புகள் பற்றி: இந்தச் செய்தியில் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் என்ற பெயர் நம்மை ஏமாற்றுகிறது. வகுப்பு கிடைத்தது, ஏற்றவும்பட்டது. அதன் ஸ்டாட்டிக் பிளாக் ஓடும்போது விதிவிலக்கு ஒன்று எழுந்து அது தோற்றது. அந்த முதல் தோல்வி ‘எக்செப்ஷன்இன்இனிஷியலைசர்எரர்’ என்ற பெயரில், உண்மைக் காரணத்தோடு, பதிவில் எங்கோ மேலே ஒரே ஒருமுறை வந்திருக்கும். அதற்குப் பிறகு அந்த வகுப்பை ஜேவிஎம் தோற்றது என்று முத்திரையிட்டுவிடும். அடுத்து யார் தொட்டாலும் நீங்கள் காணும் இந்தச் சுருக்கமான செய்திதான் வரும். ஆகவே பதிவைக் கடைசியிலிருந்து படிக்காமல், அந்த வகுப்பின் பெயர் முதன்முதலாக வரும் இடத்தைத் தேடுங்கள். இதற்கு ஜார் சேர்த்துப் பயனில்லை.

கோப்பு வட்டில் இருந்தும் ஏன் தோற்கிறது என்றால், எவோசூட் உங்கள் நிரலைக் காப்பறைக்குள் வைத்து ஓட்டுகிறது. கண்மூடித்தனமாக மெத்தட்களை அழைக்கும் கருவி உங்கள் கோப்புகளை அழித்துவிடக் கூடாது அல்லவா? எனவே கோப்புகளைத் தொடும் வகுப்புகளை அது போலி வகுப்புகளாக மாற்றி, உண்மையான வட்டுக்குப் பதில் நினைவகத்திலுள்ள கற்பனைக் கோப்பமைப்பைக் காட்டும். அங்கே உங்கள் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு இருக்காது. காப்பறையை அணைக்க வழி உண்டு என்றாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோப்பு நீக்கும் மெத்தட் ஒன்று உங்கள் தொகுப்பில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. மாறாக, ஸ்டாட்டிக் பிளாக்கில் நடக்கும் வாசிப்பை ஒரு மெத்தட்டுக்குள் தள்ளி, முதன்முறை தேவைப்படும்போது படிக்கும்படி மாற்றுங்கள். பத்து வரி மாற்றம். வகுப்பு ஏறிவிடும், மற்ற மெத்தட்களுக்காவது சோதனை கிடைக்கும்.

சோதனைப்_பட்டறை

மூன்றாவது சிக்கலை யாரும் தொடவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எவோசூட் ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு கோப்புகளை எழுதும்: ‘_இஎஸ்டெஸ்ட்’ என்று முடியும் சோதனை, ‘_இஎஸ்டெஸ்ட்_ஸ்கஃபோல்டிங்’ என்று முடியும் சாரம். இரண்டாவதுதான் நேரம், தற்செயல் எண்கள், மேலே சொன்ன போலிக் கோப்பமைப்பு ஆகியவற்றைச் சோதனை ஓடும்போதும் உருவாக்கியபோது இருந்தபடியே அமைத்துக் கொடுக்கிறது. இதற்கு ‘எவோசூட்-ஸ்டாண்ட்அலோன்-ரன்டைம்’ என்ற நிரலகம் டெஸ்ட் வரம்பில் உங்கள் பாம் கோப்பில் இருக்க வேண்டும். சோதனையை உருவாக்கிய பதிப்பும் இந்த நிரலகத்தின் பதிப்பும் ஒன்றாகவே இருக்கட்டும், உங்களுக்கு 1.0.6. அத்துடன் சோதனைகளை ஓட்டும் ஜேயூனிட் 4 நிரலகம் வேண்டும். ஜாரைக் கைப்பட இறக்குபவர்கள் ஜேயூனிட் 4.12-ஐ மட்டும் வைத்துவிட்டு, ஹேம்கிரெஸ்ட்டின் ‘செல்ஃப்டிஸ்கிரைபிங்’ இல்லை என்ற பிழையோடு வருவார்கள். ஹேம்கிரெஸ்ட் கோர் 1.3 தனி ஜார். மேவன் வழியாக வந்தால் அது தானே வரும். உங்கள் திட்டம் ஜேயூனிட் 5-இல் இருந்தால் ‘வின்டேஜ்’ இயந்திரத்தையும் (ஜேயூனிட் 4 சோதனைகளை 5-இல் ஓட்டும் பகுதி) சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிழையே வராது. சோதனைகள் ஓடாமலே எல்லாம் பச்சையாகத் தெரியும்.

இந்த நிரலகமே வேண்டாம் என்பவர்களுக்கு ‘நோ_ரன்டைம்_டிபென்டென்சி’ என்ற பண்பு உண்டு. அதை உண்மை என்று வைத்தால் வெறும் ஜேயூனிட் சோதனை கிடைக்கும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். பாம் கோப்பில் ஒரு சார்பு குறைகிறது, வாசிப்பதற்கும் எளிது.

கட்டுமானக்_களம்

கடைசிப் பத்தியோடு எனக்கு உடன்பாடில்லை. சாரத்தை எடுத்துவிட்டால், இன்றைய தேதியைப் பயன்படுத்தும் எந்த மெத்தட்டின் சோதனையும் நாளை காலையில் உடையலாம். கேள்வி கேட்டவர் வைத்திருப்பது பில்லிங் தொகுப்பு. அதில் தேதியைத் தொடாத வகுப்பை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு ஜாரை மிச்சப்படுத்தி, காலையில் தோற்று மாலையில் வெல்லும் சோதனைகளை விலைக்கு வாங்க வேண்டுமா?

சோதனைப்_பட்டறை

ஏற்கிறேன். என் திட்டம் கணக்கீட்டு நிரலகம், நேரத்தையும் கோப்பையும் தொடுவதில்லை. அதனால் எனக்கு உறைக்கவில்லை. பில்லிங்குக்கு ரன்டைம் நிரலகத்தோடே இருங்கள்.

வேறொரு எச்சரிக்கை. ஜேடிகே 8-ஐ விட்டு 11-க்கு இப்போதே தாவ வேண்டாம். எக்ஸ்எம்எல் கையாளும் ஜாக்ஸ்பி உள்ளிட்ட ஜாவா இஇ பேக்கேஜ்கள் 2018-இல் வந்த ஜாவா 11-இல் நீக்கப்பட்டன. எக்ஸ்எம்எல் கையாளும் வகுப்பு ஒன்று இருந்தாலும், நேற்றுவரை ஜேடிகே-யோடு வந்த ஒன்று இன்று ‘கிடைக்காத சார்பு’ ஆகிவிடும். அது போதாதென்று, பழைய எவோசூட்டுக்குப் புதிய வகுப்புக் கோப்பின் எண்ணும் (8-க்கு 52, 11-க்கு 55) புரியாது. சோதனைகளை 8-இல் உருவாக்கி முடித்துவிட்டு, பிறகு அவற்றைத் துணையாகக் கொண்டு 11-க்குப் போங்கள்.

பில்லிங்_பராமரிப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பின்னால் வருபவர்களுக்காக நான் செய்ததைப் பதிகிறேன். மேல்நிலையிலிருந்து சோதனைகளைத் தவிர்த்து இன்ஸ்டால். பில்லிங்கில் வரம்பு எதுவும் குறிப்பிடாமல் பில்ட்-கிளாஸ்பாத். கிடைத்த வரியில் பொது ஜாரை நீக்கி அதன் டார்கெட் கோப்புறையை வைத்தேன். சாய்கோடுகளை மாற்றி எவோசூட்டின் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் ஒட்டினேன். பில்லிங்அமைப்புகளின் முதல் பிழையைப் பதிவில் தேடியபோது, நீங்கள் சொன்னபடியே கோப்பு கிடைக்கவில்லை என்ற விதிவிலக்கு ஏறக்குறைய தொடக்கத்திலேயே இருந்தது. நான் ஒருமுறைகூட அவ்வளவு மேலே போய்ப் படித்ததில்லை. வாசிப்பை மெத்தட்டுக்குள் மாற்றியவுடன் வகுப்பு ஏறிவிட்டது. ரன்டைம் நிரலகத்தைச் சேர்த்தபின் உருவான சோதனைகள் தொகுக்கப்பட்டு ஓடுகின்றன.

ஒரே ஒரு வகுப்பு இன்னும் அடம்பிடிக்கிறது. அது ரசீது அச்சிடும் கருவிக்கான நேட்டிவ் நிரலகத்தை (ஜாவாவில் அல்லாமல் இயங்குதளத்துக்கென்றே தொகுக்கப்பட்டது) ஸ்டாட்டிக் பிளாக்கில் ஏற்றுகிறது, ‘அன்சாடிஸ்ஃபைட்லிங்க்எரர்’ வருகிறது.

பைட்கோடு_வாசகன்

அது ஜார் அல்ல, டிஎல்எல். கிளாஸ்பாத்தில் எதைச் சேர்த்தாலும் வராது. அச்சுக் கருவியைத் தொடும் பகுதியை ஓர் இடைமுகத்துக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் சோதனை உருவாக்குங்கள். அந்த ஒரு வகுப்புக்கு நானாக இருந்தால் கைப்படவே நான்கு சோதனைகள் எழுதிவிடுவேன்.